கணித செமினார் முதல் ஒர்க்‌ஷாப் வரை: கேட்க, பேச, நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

ஆய்வில் சேர்ந்த முதல் மாதம். செமினார் அறையில் கடைசி வரிசை. பேச்சு தொடங்கி ஏழாவது நிமிடத்தில் எனக்கு இழை அறுந்துவிட்டது. மீதி நேரம் முழுக்கப் பலகையில் இருந்ததை ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதித் தள்ளினேன். எழுதினால் புரிந்த மாதிரியாவது இருக்குமே! பக்கத்தில் ஓய்வுபெறும் வயதில் ஒரு பேராசிரியர். அவர் தாளை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரே ஒரு 2×2 அணி. மேல் வரிசையில் 0, 1. கீழ் வரிசையில் 0, 0. சுற்றிலும் ஏதேதோ கிறுக்கல். அவ்வளவுதான்.

பேச்சு முடிந்ததும் அவர்தான் முதலில் கையைத் தூக்கினார். "உங்கள் தேற்றத்தில் இந்தச் சின்ன அணியைப் போட்டுப் பார்த்தேன், சரியாக வரவில்லையே?" பேச்சாளர் சிரித்தபடி, "அதற்காகத்தான் மூன்றாவது நிபந்தனை" என்று பலகைக்குத் திரும்பினார். மூலைவிட்ட வடிவத்துக்குக் கொண்டுவர முடியாத அணி வந்தால் கணக்கு எந்த வரியில் உடைகிறது என்று ஐந்து நிமிடம் காட்டினார். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குப் புரிந்தது அந்த ஐந்து நிமிடம்தான். வெளியே வரும்போது, "சார், உங்களுக்கு எல்லாம் புரிந்ததா?" என்று கேட்டேன். "பாதியிலேயே விட்டுவிட்டேன் தம்பி. அந்த அணியை மட்டும் விடவில்லை" என்றார்.

கேட்கப் போனாலும், பேசப் போனாலும், நாலு பேரைக் கூட்டி நீங்களே நடத்தினாலும், கையில் ஒரு சின்ன எடுத்துக்காட்டு இருக்கட்டும். கீழே வருவதெல்லாம் இந்த ஒன்றை எப்படிச் செய்வது என்பதுதான்.

படி 1: எது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

செமினார் என்ற சொல்லுக்குள் நாலைந்து வகை இருக்கிறது. வாராவாரம் ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் நடக்கும் ஆய்வு செமினாரில், ஒரு துறைக்காரர் தன் புதிய முடிவை அதே துறைக்காரர்களுக்குச் சொல்கிறார். 50 நிமிடம், அல்லது ஒரு மணி நேரம். கொலோக்கியம் என்பது கணிதத் துறை முழுவதற்குமான உரை. இயற்கணிதக்காரருக்கும் நிகழ்தகவுக்காரருக்கும் சேர்த்தே பேச வேண்டும், அதனால் முதல் பாதியாவது உங்களுக்கும் பிடிபடும். மாநாட்டில் நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள், பக்கத்துப் பக்கத்து அறைகளில் 20 நிமிட உரைகள் ஓடும். ஒர்க்‌ஷாப் ஒரே பொருளில் ஐந்து நாள் நடக்கும், கூட்டமும் சிறியது. கோடைப் பள்ளி, குளிர்காலப் பள்ளி என்று வருபவை மாணவர்களுக்கான தொடர் வகுப்புகள், பயிற்சிக் கணக்குகளோடு.

புதிதாக வருபவருக்கு இவற்றில் எல்லாம் மேலானது வாசிப்பு செமினார் என்பது என் கட்சி. ஒரு நூலையோ ஆய்வுக் கட்டுரையையோ எடுத்துக்கொண்டு, கலந்துகொள்பவர்களே முறை வைத்துப் பேசுவது. இதில் அடுத்தவர் கணிதத்தைத்தான் பேசுகிறோம், அதனால் 'என் முடிவு எவ்வளவு பெரியது பார்' என்ற பதற்றம் கிடையாது. பாரிஸில் 1948 முதல் நடந்துவரும் பூர்பாக்கி செமினாரும் இந்த வழிதான். பேசுபவர் பொதுவாகத் தன் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை, மற்றவர் செய்த முக்கியமான வேலையை விளக்குகிறார். எழுத்து வடிவமும் வெளியாகும். ஒரு தலைப்புக்குள் நுழைய வேண்டுமென்றால் மூலக் கட்டுரைக்கு முன்னால் அதைத் தேடிப் படிப்பது பலருடைய பழக்கம். ஜெர்மனியின் ஓபர்வோல்ஃபாக் கணித நிலையம் நடத்தும் 'ஆர்பைட்ஸ்கெமைன்ஷாஃப்ட்' என்ற ஒரு வார காலக் கூட்டத்திலும் உரைகளைத் தருபவர்கள் அந்தத் தலைப்பைக் கற்றுக்கொள்ள வந்தவர்கள்தான்.

முதல் வருடத்தில் வாரம் மூன்று போதும்: ஒரு கொலோக்கியம், உங்கள் துறையின் ஆய்வு செமினார், ஒரு வாசிப்பு செமினார். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் வாசிப்பு செமினாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று உங்கள் இடத்தில் இல்லையா? கடைசிப் படியைப் பாருங்கள், இரண்டு பேர் சேர்ந்தாலே தொடங்கிவிடலாம்.

படி 2: போகும் முன் அரை மணி நேரம்

அறிவிப்பில் வரும் சுருக்கத்தைப் பென்சிலோடு படியுங்கள். தெரியாத சொற்களை வட்டமிடுங்கள். பத்து வட்டம் விழுந்தாலும் கவலை வேண்டாம், அதில் அடிக்கடி வரும் இரண்டுக்கு மட்டும் வரையறையைத் தேடினால் போதும். 1991 முதல் இயங்கும் ஆர்க்சைவ் இணையதளத்தில் பேச்சாளரின் முன்வரைவு (இதழில் வெளிவருமுன் உள்ள கட்டுரை) பெரும்பாலும் கிடைக்கும். முன்னுரையை மட்டும் படியுங்கள். முதன்மைத் தேற்றம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அது யாருடைய கேள்விக்குப் பதில் என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

பிறகு கையில் எடுத்துப்போக ஒரு பொம்மை, அதாவது ஒரு சின்ன எடுத்துக்காட்டு. பேச்சு குலங்களைப் பற்றியதா, மூன்று பொருள்களின் வரிசைமாற்றக் குலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பரிமாற்றுத்தன்மை இல்லாத குலங்களில் அதைவிடச் சிறியது கிடையாது. வளையங்கள் என்றால் 6ஐ மட்டாகக் கொண்ட முழு எண்கள். அங்கே 2×3 பூச்சியம் ஆகிவிடும், எத்தனையோ 'வெளிப்படை'யான கூற்றுகள் அந்த இடத்தில் வழுக்கி விழும். வரைபடங்கள் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்) என்றால் ஐங்கோணம். அதில் முக்கோணமும் இல்லை, இரண்டு வண்ணத்தில் தீட்டவும் முடியாது. சார்புகள் என்றால் x இன் மட்டு மதிப்பு. அணிகள் என்றால் மேலே சொன்ன அந்த 0, 1, 0, 0. பேச்சாளர் "ஏதேனும் ஒரு குலம் எடுத்துக்கொள்வோம்" என்று தொடங்கும்போது உங்கள் மனதில் ஆறு உறுப்புகள் வந்து உட்கார வேண்டும்.

படி 3: உட்கார்ந்து கேட்பது

இரண்டாவது வரிசையில் உட்காருங்கள். கடைசி வரிசை நழுவுவதற்கு வசதி, அதனாலேயே கெடுதல்.

நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் பேச்சாளர் சொல்வது, வலப்பக்கம் உங்கள் பொம்மைக்கு அது என்ன சொல்கிறது. இடப்பக்கம் நிரம்பி வலப்பக்கம் காலியாக இருந்தால் நீங்கள் எழுத்தர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எழுதுவதை நிறுத்திவிட்டு, கடைசியாகப் புரிந்த வரிக்குப் போய் அதைப் பொம்மையில் போட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் இரண்டு நிமிடப் பேச்சு தவறிப்போகும். போகட்டும்.

இழை அறுவது எல்லோருக்கும் நடக்கிறது. அனுபவசாலிகளுக்குத் திரும்ப ஏறிக்கொள்ளத் தெரியும், வித்தியாசம் அதில்தான். ஒரு மணி நேரப் பேச்சில் மூன்று நான்கு இடங்களில் வண்டி நிற்கும்: புதிய எடுத்துக்காட்டு தொடங்கும்போது, பலகையைத் துடைக்கும்போது, "இதன் சாரம் என்னவென்றால்" என்று சொல்லும்போது. அங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இடையில் வந்த ஏழெட்டுத் துணைத்தேற்றங்கள் கைவிட்டுப்போனாலும் பாதகமில்லை.

ஸ்டான்ஃபோர்டின் கணிதப் பேராசிரியர் ரவி வக்கீல் மாணவர்களுக்குச் சொல்லும் பயிற்சி ஒன்று பரவலாகப் புழங்குகிறது: ஒவ்வொரு உரையிலிருந்தும் மூன்றே விஷயங்களைக் கொண்டுவர வேண்டும். ஒரு வரையறையாக இருக்கலாம், ஒரு கேள்வியாக இருக்கலாம், நினைவில் தங்கிய ஒரு தேற்றமாகவும் இருக்கலாம். நான் அந்த மூன்றில் ஒன்று கட்டாயம் எடுத்துக்காட்டாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். பேச்சாளர் ஒன்றுகூடத் தரவில்லையா? அதுவே கேட்க வேண்டிய கேள்வி.

படி 4: கேள்வி கேட்பது

கேள்விகளில் உடனே கேட்க வேண்டியவையும் உண்டு, கடைசிவரை வைத்திருக்க வேண்டியவையும் உண்டு. குறியீடு பற்றியது உடனே. "இந்த k, மேலே இருக்கும் அதே k தானா?" என்று கேட்க ஐந்து நொடி. கேட்காவிட்டால் அரை மணி நேரம் வீண், உங்களுக்கு மட்டுமல்ல, அறையில் பாதிப் பேருக்கு. "இதை வேறு துறையில் பயன்படுத்தலாமா" போன்றவை கடைசியில்.

புதியவர் தைரியமாகக் கேட்கக்கூடிய மூன்று கேள்விகளை நான் எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பேன். "n = 2 என்றால் இது ஏற்கெனவே தெரிந்ததுதானா?" "இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் எங்கே உடையும்?" "இதற்கு முன் எதுவரை தெரிந்திருந்தது?" மூன்றுமே முட்டாள்தனமாக ஆவதற்கு வழியில்லாத கேள்விகள். பேச்சாளர்களுக்கும் பிடிக்கும், பதில் அவர்கள் கையில் தயாராக இருப்பதால்.

மாஸ்கோவில் இஸ்ரேல் கெல்ஃபாண்ட் 1943இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்திய திங்கள்கிழமை செமினார் இந்த விஷயத்தில் ஒரு தனி உலகம். பேச்சாளரை நடுவில் நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு மாணவரை எழுப்பி, இதுவரை சொன்னதை நீ சொல் என்பார். மாணவருக்குச் சொல்ல வரவில்லை என்றால் பேச்சாளர் திரும்ப விளக்க வேண்டும். அவமானப்பட்டவர்களும் உண்டு, அதனால் அந்தப் பாணியை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால், புரியவில்லை என்பதைக் கேட்பவரின் குற்றமாக மட்டும் பார்க்காத அந்த நியாயம் எனக்குப் பிடிக்கும்.

பிழை இருப்பதாகத் தோன்றினால்? "இது தவறு" என்று தொடங்காதீர்கள். "இந்த இடத்தில் பரிமாற்றுத்தன்மை தேவையில்லையா?" என்று கேளுங்கள். பத்தில் எட்டு முறை நாம்தான் எதையோ தவறவிட்டிருப்போம். மீதி இரண்டு முறை பேச்சாளரே கண்டுகொள்வார். அதோடு, நிறுவலைச் சரிபார்க்கும் இடம் செமினார் அல்ல. 1993 ஜூன் 21, 22, 23 தேதிகளில் கேம்பிரிட்ஜின் நியூட்டன் நிறுவனத்தில் ஆண்ட்ரூ வைல்ஸ் மூன்று உரைகள் நிகழ்த்தி, கடைசியில் ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்தை அறிவித்தார். அறை முழுக்க அந்தத் துறையின் வல்லுநர்கள். நிறுவலில் இருந்த ஓட்டை பின்னர் கையெழுத்துப் பிரதியை வரிவரியாகச் சரிபார்த்தபோதுதான் வெளிப்பட்டது. ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில் அடைபட்டது. எனவே ஒரு மணி நேரத்தில் நிறுவலைப் பிடிக்கவில்லை என்று நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம்.

படி 5: அன்று மாலை

கால் மணி நேரம் போதும். அந்த மூன்று விஷயங்களையும் நோட்டைப் பார்க்காமல் எழுதுங்கள். பொம்மைக் கணக்கை முடித்துவையுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது நடக்காது. கேட்க விட்டுப்போன கேள்வி இருந்தால் பேச்சாளருக்கு நாலு வரி மின்னஞ்சல் போடலாம், பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு பதில் எழுதுவார்கள்.

படி 6: உங்கள் முதல் உரை

இங்கேதான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதிகம் கெடுவதும் இங்கேதான்.

வைல்ஸ் கதையில் அவ்வளவாகப் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் உரைக்கு முன்னால் தன் நிறுவலின் ஒரு பகுதியைச் சரிபார்க்க, பிரின்ஸ்டனில் ஒரு மாணவர் பாடமாகவே அதை நடத்தினார். எதற்காக இந்தக் கணக்கீடுகள் என்று மாணவர்களுக்குச் சொல்லவில்லை, ரகசியம். வாரங்கள் போகப் போக ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ரகசியம் தெரிந்த சக பேராசிரியர் நிக் காட்ஸ் மட்டும் மிஞ்சினார். எழுதப்பட்டதோ அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய கணித நிகழ்வுகளில் ஒன்று. எதற்கு என்று தெரியாவிட்டால் அதைக் கேட்கக்கூட ஆள் நிற்காது. நம் தேற்றத்துக்கு எப்படி நிற்பார்கள்?

அதனால் முதல் ஐந்து நிமிடத்தை எழுதிப் பாருங்கள், வார்த்தைக்கு வார்த்தை. எலிப்டிக் வளைவரைகள் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான தொடக்கம் இது: "K ஓர் எண் களம், E அதன்மீது வரையறுக்கப்பட்ட எலிப்டிக் வளைவரை. மோர்டெல்–வெய்ல் தேற்றப்படி…" முதல் மூச்சிலேயே அறையில் பாதி காலி, உடல் மட்டும் நாற்காலியில்.

இப்போது இப்படித் தொடங்கிப் பாருங்கள். பலகையில் 6 என்று எழுதுங்கள். பக்கங்கள் 3, 4, 5 உள்ள செங்கோண முக்கோணத்தின் பரப்பளவு 6. அடுத்து 5 என்று எழுதுங்கள். பக்கங்கள் எல்லாம் விகிதமுறு எண்களாக, பரப்பளவு 5 உள்ள செங்கோண முக்கோணம் உண்டா? உண்டு: 3/2, 20/3, 41/6. பெருக்கிப் பார்க்க அரை நிமிடம் கொடுங்கள், எல்லோரும் பெருக்குவார்கள். அடுத்து 1. கிடையாது, ஃபெர்மாவே நிறுவியிருக்கிறார். அடுத்து 157. உண்டு, ஆனால் டான் சாகியர் என்ற கணிதவியலாளர் கண்டுபிடித்த மிக எளிய முக்கோணத்திலேயே கர்ணத்தை எழுதினால் பின்னத்தின் மேலும் கீழும் 40 இலக்கங்களுக்கு மேல் ஓடுகிறது. இங்கே ஒரு கணம் நிறுத்துங்கள். எந்த எண்ணுக்கு உண்டு, எதற்கு இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிறகுதான் y² = x³ − n²x என்று எழுத வேண்டும். y பூச்சியமாகாத ஒரு விகிதமுறு புள்ளி இந்த வளைவரையில் இருந்தால் n க்கு முக்கோணம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இதற்கு எளிதாகக் கணக்கிடும்படி ஒரு சோதனையை டன்னல் 1983இல் தந்தார். ஆனால் அது முழுமையாகச் சரி என்று சொல்ல பர்ச்–ஸ்வின்னர்டன்-டயர் ஊகம் தேவை. ஆக ஐந்து நிமிடத்தில், பள்ளிக்கூட முக்கோணத்திலிருந்து இன்றும் தீராத ஊகத்தின் வாசலுக்கு வந்துவிட்டீர்கள். இனி K ஐயும் E ஐயும் கூப்பிடலாம், கேட்பவர்கள் கூடவே வருவார்கள்.

உங்கள் தலைப்புக்கும் இப்படி ஒரு 6 இருக்கும். கைடிடம் கேளுங்கள்: "இந்தத் துறையில் முதன்முதலில் எந்த எடுத்துக்காட்டைப் பார்த்து எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்?"

50 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? முதல் 15 நிமிடம் அறையில் உள்ள அனைவருக்கும். அடுத்த 20 உங்கள் துறைக்காரர்களுக்கு. முதன்மைத் தேற்றத்தை இந்தப் பகுதி முடிவதற்குள் எழுதிவிடுங்கள், கடைசிக்கு வைத்தால் அவசரத்தில் மாட்டிக்கொள்ளும். பின் ஒரு 10 நிமிடம் நிறுவலின் ஒரே ஒரு கருத்து, அதுவும் மிக எளிய நிலையில். மீதி ஐந்தைத் தொடாதீர்கள். முன்கூட்டியே முடித்ததற்காக எந்தப் பேச்சாளரையும் யாரும் திட்டியதாக நான் கேட்டதில்லை.

வெட்ட மனம் வராது, எனக்கும் வராது. 1900 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் ஹில்பர்ட் தன் புகழ்பெற்ற கணக்குகளை முன்வைத்தபோது அவர் கையில் இருந்தவை 23. மேடையில் பேசியவை 10. ஹில்பர்ட்டே பாதிக்கு மேல் வெட்டியிருக்கிறார், நாம் நாலாவது துணைத்தேற்றத்தை வெட்டினால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

பலகையா, ஸ்லைடா? கணிதத்துக்குப் பலகை என்பது என் சாய்வு. கை எழுதும் வேகமே கேட்பவர் யோசிக்கும் வேகத்துக்கு அணை போடும். ஹாகோரோமோ என்ற ஜப்பானியச் சாக்பீஸ் நிறுவனம் 2015இல் மூடியபோது கணிதப் பேராசிரியர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்த்தார்கள். பிறகு ஒரு கொரிய நிறுவனம் அதே முறையில் தயாரிக்கத் தொடங்கியதும்தான் மூச்சு வந்தது. பைத்தியக்காரத்தனம் என்று வெளியாட்கள் சிரிக்கலாம். பலகையில் எழுதிப் பழகியவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எழுதும் முறை: இடது மேல் மூலையில் தொடங்கி வலமாக. வரையறையும் முதன்மைத் தேற்றமும் உள்ள பலகையைக் கடைசிவரை துடைக்கக் கூடாது. எழுதும்போதே வாயாலும் சொல்லுங்கள், எழுதி முடித்ததும் விலகி நில்லுங்கள், உங்கள் முதுகு தேற்றத்தை மறைத்துக்கொண்டிருக்கும். அறைக்கு முன்னதாகவே போய்ப் பெரிதாக ஒரு வரி எழுதிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள், படிக்க முடிகிறதா என்று. சொல்லே இல்லாமல் பலகை மட்டும் பேசிய கதையும் உண்டு. 1903இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல், 2 இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்து எழுதினார். பக்கத்தில் 193707721 × 761838257287 என்று பெருக்கிக் காட்டினார். இரண்டும் ஒன்றாக வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார் என்றும், கைதட்டல் எழுந்தது என்றும் சொல்வார்கள். கொஞ்சம் அலங்காரம் சேர்ந்திருக்கலாம், பெருக்கல் மட்டும் சரி.

ஸ்லைடு தவிர்க்க முடியாது என்றால், ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று கணக்கு வைத்து 50 நிமிடத்துக்கு 25க்கு மேல் போகாதீர்கள். "நான்கு ஸ்லைடுக்கு முன் சொன்ன சமன்பாடு (7) படி" என்று சொல்லவே கூடாது. அந்தச் சமன்பாட்டை மறுபடி எழுதுங்கள்.

ஒத்திகை கட்டாயம். உங்கள் துறையில் இல்லாத ஒரு நண்பரை உட்கார வைத்துச் சத்தமாக ஒரு முறை. மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் வராது, மனதுக்குள் நாம் எல்லோரும் 30 நிமிடத்தில் முடித்துவிடுவோம்.

கேள்வி வந்து பதில் தெரியாவிட்டால் "தெரியவில்லை, யோசிக்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். ஒருவரே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் "பேச்சு முடிந்ததும் உட்கார்ந்து பேசலாமா?" என்று நகர்ந்துவிடலாம். உண்மையிலேயே பிழை பிடிபட்டால், மேடையில் ஒட்டுப்போட முயலாதீர்கள். "இந்த இடத்தைத் திரும்பப் பார்க்கிறேன், சிறப்பு நிலையில் மட்டும் இப்போது சொல்கிறேன்" என்று எடுத்துக்காட்டுக்கு இறங்கிவிடுங்கள். எனக்கு ஒரு முறை அப்படி ஆகி, அந்த எடுத்துக்காட்டுதான் மீதி இருபது நிமிடத்தையும் காப்பாற்றியது.

படி 7: ஒர்க்‌ஷாப்பில் இடம் பிடிப்பதும் அங்கே வாழ்வதும்

பெரிய நிலையங்களை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் கருங்காட்டில் 1944இல் தொடங்கிய ஓபர்வோல்ஃபாக், பிரான்சில் மார்செய் அருகே லூமினியில் சிர்ம், கனடாவில் 2003 முதல் பான்ஃப், இத்தாலியில் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய டிரியெஸ்ட் ஐசிடிபி, பெங்களூரில் ஐசிடிஎஸ். சில இடங்களில் அழைப்பு வந்தால்தான் போக முடியும், ஓபர்வோல்ஃபாக் அப்படி. ஐசிடிபி, ஐசிடிஎஸ் பள்ளிகளுக்கு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். அழைப்பு மட்டுமே உள்ள கூட்டங்களிலும் அமைப்பாளர்களுக்கு இளையவர்கள் தேவைப்படுவார்கள். உங்கள் கைடு ஒரு வரி எழுதினால் நடக்கக்கூடியதுதான், கேட்கத் தயங்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் பெரும்பாலும் அரைப் பக்கம் எழுதச் சொல்வார்கள். "எனக்கு இத்துறையில் மிகுந்த ஆர்வம் உண்டு, இந்த ஒர்க்‌ஷாப் என் ஆய்வுக்குப் பெரிதும் உதவும்" என்று எழுதினால் மற்ற நூறு பேரும் அதையேதான் எழுதியிருப்பார்கள். இப்படி எழுதுங்கள்: "n = 3 வரை இந்த எண்ணிக்கையைக் கணக்கிட்டுவிட்டேன். n = 4இல் இன்ன காரணத்தால் நிற்கிறேன். இரண்டாம் நாள் தொடர் உரையில் வரும் முறை இங்கே பயன்படும் என்று நினைக்கிறேன்." தேர்வு செய்பவருக்கு உங்கள் முகம் தெரிந்துவிடும். பயணச் செலவு உதவி வேண்டுமென்றால் முதல் கடிதத்திலேயே வெளிப்படையாகக் கேளுங்கள். பணம் ஒதுக்கி முடித்த பிறகு கேட்டால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. விசா தேவைப்பட்டால் அழைப்புக் கடிதத்தை அன்றே வாங்கிவிடுங்கள்.

போன பிறகு, உரைகளைவிட இடைவேளைகள் முக்கியம் என்பதை அமைப்பாளர்களே அறிவார்கள். ஓபர்வோல்ஃபாக்கில் சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை ஒவ்வொரு வேளையும் மாற்றி மாற்றி வைப்பார்கள், கூட்டாளிகள் ஒரே மேசையில் அடைந்துகிடக்கக் கூடாது என்று. புதன் பிற்பகல் உரை கிடையாது, எல்லோரும் காட்டுக்குள் நடைபோவார்கள். பெரிய பெயர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று கைகால் நடுங்கும். உங்கள் பொம்மைக் கணக்கைப் பேசுங்கள். "நான் இன்ன இடத்தில் ஆய்வு செய்கிறேன்" என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும். "நாலு புள்ளிகளுக்கு இது வேலை செய்கிறது, ஐந்துக்கு ஏன் இல்லை என்று தெரியவில்லை" என்றால் எதிரில் இருப்பவர் பேனாவைத் தேடுவார்.

சில ஒர்க்‌ஷாப்புகளில் உரைகளே குறைவு. அமெரிக்கக் கணித நிறுவனமான ஏஐஎம் நடத்துபவற்றில் காலையில் இரண்டு உரைகள், பிற்பகலில் கணக்குகளைப் பட்டியலிட்டு, குழுவாகப் பிரிந்து வேலை. அங்கே குழுவில் பேசாமல் இருக்கும் இளையவர் செய்யக்கூடிய அருமையான வேலை ஒன்று உண்டு. பலகையில் பெரியவர்கள் பொதுநிலையில் வாதிட்டுக்கொண்டிருக்கும்போது, ஓரமாக மிகச் சிறிய நிலையைக் கையாலோ கணினியாலோ கணக்கிட்டு வையுங்கள். ஒரு மணி நேரத்தில் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள்.

கணக்குகளை எழுதி வைக்கும் மரபு பழையது. லிவிவ் நகரின் (அன்று போலந்து, இன்று உக்ரைன்) ஸ்காட்டிஷ் கஃபேயில் கணிதவியலாளர் பனாக்கும் நண்பர்களும் 1935 முதல் ஒரு தடித்த நோட்டில் கணக்குகளை எழுதினார்கள், பரிசும் அறிவித்தார்கள். 1936இல் மாசூர் எழுதிய 153ஆம் கணக்குக்குப் பரிசு ஓர் உயிருள்ள வாத்து. ஸ்வீடனின் பெர் என்ஃப்ளோ அதைத் தீர்த்து 1972இல் வார்சாவில் வாத்தைப் பெற்றுக்கொண்டார். உங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் திறந்த கணக்குகளுக்கு ஒருவர் பொறுப்பேற்று, யார் எப்போது கேட்டது என்று தேதியோடு எழுதி வைக்கட்டும். அந்தப் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கினால் எல்லாக் கணக்கும் உங்கள் கை வழியாகப் போகும்.

படி 8: நீங்களே நடத்துவது

கிழமையும் நேரமும் அறையும் மாறவே கூடாது. இரண்டு வாரம் மாற்றினால் மூன்றாவது வாரம் ஆள் வராது.

வாசிப்பு செமினாருக்கு நாலு பேர் போதும், இரண்டு பேர்கூட. யார் எந்தப் பகுதி என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் குழுவில் இரண்டே விதிகள்: நிறுவலைத் தாண்டினால் தாண்டுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரையறைக்கும் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்று, பொருந்தாதது ஒன்று. இரண்டாவது விதியால் வேகம் பாதியாகக் குறைந்தது. நூலைப் பாதிதான் முடித்தோம், அந்தப் பாதி இன்றும் நினைவிருக்கிறது.

வெளிப் பேச்சாளரை இரண்டு மூன்று மாதம் முன்பே அழையுங்கள். அறையில் யார் யார் இருப்பார்கள், எத்தனை பேர் முதல் வருட மாணவர்கள், பலகையா திரையா, பயணச் செலவில் எது உங்கள் பொறுப்பு என்பதை எல்லாம் முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். பிரதான உரைக்கு முன்னால் மாணவர்களுக்கு மட்டும் அரை மணி நேர முன்னுரை தரச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பேராசிரியர்களுக்கு அங்கே அனுமதி இல்லை, அதனாலேயே மாணவர்கள் வாய் திறப்பார்கள். ஒரே வட்டத்து ஆட்களையே திரும்பத் திரும்ப அழைக்கிறோமா என்று பருவத்துக்கு ஒருமுறை பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். இளையவர்களும் பெண்களும் சிறிய கல்லூரிக்காரர்களும் எத்தனை பேர் என்று எண்ணினால் தெரிந்துவிடும்.

2020க்குப் பிறகு இணைய செமினார்கள் பெருகிவிட்டன. எந்த நாட்டில் என்ன நடக்கிறது என்று நேரத்தோடு பட்டியலிடும் ரிசர்ச் செமினார்ஸ் தளமும் அந்த ஆண்டு வந்ததுதான். தொலைவில் தனியாக இருப்பவருக்கு இது வரம். ஆனால் திரையில் கேட்பவர் முகம் தெரியாது, இழை அறுந்ததைப் பேச்சாளர் கவனிக்க வழியில்லை. அதனால் கேள்விகளைப் படித்துச் சொல்ல ஒருவரை நியமித்து, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள்.

தலைமை ஏற்பவருக்கு வேலை நான்கு. பேச்சாளர் பெயரை எப்படி உச்சரிப்பது என்று முன்பே கேட்டுக்கொள்வது. ஐந்து நிமிடம் இருக்கும்போது சைகை. முதல் கேள்வியை மாணவர்களுக்கு ஒதுக்குவது. ஒருவரும் கேட்காவிட்டால் "n = 2 என்றால் என்ன ஆகும்?" என்று தானே கேட்பது. எல்லோரும் கலைந்த பிறகு, பலகையைத் துடைக்கும் முன் போனில் படம் எடுத்து அன்றைக்கே குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். நாளைக் காலை அந்த அறையில் வேறு வகுப்பு இருக்கும்.